அட்டையில் இரண்டாவது பெயர்

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க. திருமண்டல ஆபீசுல இருந்து வெயில்ல வந்திருக்கீய, உங்களுக்கு ஒரு வாய் காப்பி குடுக்க முடியல பாத்தீயளா. பாலு இருக்கு, சீனி இருக்கு, காப்பித்தூளு எந்த டப்பாவுலன்னு தெரியல. அடுக்களையில பதினெட்டு டப்பா இருக்கு. எல்லாத்துக்கும் ஒரே மூடி. ஒண்ணத் தொறந்தா சுக்கு, இன்னொண்ணத் தொறந்தா மல்லி. மூணாவது டப்பாவோட விட்டுட்டேன். சரி, அது கெடக்கு.

பாக்கியசீலியப் பாக்கணும்னு சொன்னீய. திருமண்டல மலரு பத்திரிகையில, வாழ்க்கை முழுசையும் ஆண்டவருக்குக் குடுத்தவங்களப் பத்தி எழுதப் போறோம், ஒரு சேகரத்துக்கு ஒரு ஆளு, இந்தச் சேகரத்துக்கு அவன்னு சொன்னீய. நல்லது. அவ என் தங்கச்சிதான். கூடப் பொறந்தவ. ஆனா இங்க இல்ல. ஏழு வாரமா இல்ல. கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிட்டா. அம்பது வயசுல.

ஆமா, அம்பது. சரியாத்தான் கேட்டிருக்கீய. அந்தப் பேனாவ மூடி வைங்க. மொதல்ல நான் சொல்லுதத முழுசாக் கேளுங்க. பொறவு அவளப் பத்தி எழுதணுமா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. நான் ஒண்ணும் தடுக்கப் போறதில்ல.

என் பேரு ஏசுவடியான். சாலேம்விளை சபைக்கு உபதேசியார். முப்பத்தோரு வருசமா இதே ஊரு, இதே வீடு. எங்க சேகரத்துல ஏழு ஊரு, எல்லாத்துக்கும் ஒரே போதகரு, ஐயரு; அவரு மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம வந்து திருவிருந்து குடுத்துட்டுப் போயிருவாரு. மத்த ஞாயிறெல்லாம் ஆராதனை நடத்துறது, பிரசங்கம் பண்ணுறது, சாவு வீட்டுல ஜெபிக்கிறது, விடியக்காலம் அஞ்சு மணிக்கு மணி அடிக்கிறது எல்லாம் நான். எனக்குக் கல்யாணம் கெடையாது. நெலம் நீச்சு கெடையாது. ரெண்டு வெள்ளை ஜிப்பா, நாலு வேட்டி, ஒரு குடை. வாழ்க்கை முழுசையும் குடுத்த ஆளு யாருன்னா அது நான்தான் தம்பி. என் வாயால இதச் சொல்லக் கூடாது. சொல்லும்படி ஆக்கிட்டாவ.

சபைக்காரங்க சீட்டுல பேரு எழுதிப் போட்டாவளாம். எழுதிப் போட்ட பெட்டி ஒரு வாரம் எங்கிட்டதான் இருந்துச்சு. நான் தொடல. ஐயரு வந்து எடுத்துட்டுப் போயிப் பிரிச்சாரு. அறுபத்து மூணு சீட்டு. அம்பத்தெட்டுல அவ பேரு. மூணுல ஒண்ணுமே எழுதல. ஒரு சீட்டுல முன்ன இருந்த ஐயரு பொண்டாட்டி, ஐயரம்மா பேரு. என் பேரு ஒரு சீட்டுல இருந்துச்சு. அத யாரு எழுதுனதுன்னு எனக்குத் தெரியும், அத விடுங்க. நான் கேக்கது என்னன்னா, சீட்டுப் போடும்போது ஊர விட்டுப் போயி நாலு வாரம் ஆனவளுக்கு அம்பத்தெட்டு சீட்டா? இங்கேயே கெடந்து மணி அடிக்கவனுக்கு ஒண்ணா?

மொதல்ல இருந்து சொல்லுதேன்.

எனக்கு அப்ப இருபத்தேழு வயசு. அவளுக்குப் பத்தொம்பது. அய்யா செத்து ரெண்டு வருசம். அம்மை ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து கட்டில்ல கெடந்தா. அந்தச் சமயத்துல எனக்கு ஒரு சம்பந்தம் பேசுனாவ. சுகிர்தம்னு பேரு, டீச்சரு. நல்ல பிள்ளை, நல்ல குரலு, பாட்டுப் பாடும். ஆண்டவருக்காக அந்தப் பிள்ளைய நான் தியாகம் பண்ணினேன். அதாவது, அவ வீட்டுல வேண்டாம்னு சொல்லி ஒரு மாசம் கழிச்சுத் தியாகம் பண்ணினேன். வேண்டாம்னு சொன்னது அவங்களா இருக்கலாம். மனசுல இருந்து விட்டது நான்லா? அது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது.

அந்த வருசம் பாளையங்கோட்டையில கன்வென்ஷன் கூட்டம். பெரிய பந்தல், மூணு நாளு. கடைசி நாளு சாயங்காலம் பிரசங்கியாரு கண்ணீரோட கேட்டாரு, வாழ்க்கை முழுசையும் ஆண்டவருக்குக் குடுக்க மனசு உள்ளவங்க எழும்பி நில்லுங்கன்னு. நான் எழும்பி நின்னேன். காலு தானா எழும்பிச்சு தம்பி. எனக்குப் பக்கத்துல இருந்தவன் என் சட்டையப் பிடிச்சு இழுத்தான், எனக்கு நெனவே இல்ல. அழுதேன். நெசமாத்தான் அழுதேன். அன்னைக்கு அழுதது பொய்னு எவனாவது சொன்னா நான் ஒத்துக்கிட மாட்டேன்.

எழும்பி நின்னவங்களுக்கெல்லாம் ஒரு மஞ்ச அட்டை குடுத்தாவ. ஒப்புக்கொடுக்குற அட்டை. பேரு, ஊரு, சபை, கையெழுத்து. முழுநேர ஊழியம்னு ஒரு கட்டம், பகுதிநேரம்னு ஒரு கட்டம். நான் முழுநேரத்துல கோடு போட்டேன். என் பேர எழுதுனேன். அதுக்குக் கீழ இன்னொரு வரி காலியாக் கெடந்துச்சு. பாக்கியசீலின்னு எழுதுனேன்.

அவளக் கேட்டு எழுதுனீயளான்னா கேக்கீய? என்னத்தக் கேக்க? அய்யா இல்லாத வீட்டுல நான்தான பெரியவன். நல்லது எதையாவது அவளுக்கு இல்லாம நான் மட்டும் எடுத்துக்கிட முடியுமா? வீட்டுக்கு வந்து சொல்லத்தான் செஞ்சேன். "ஏளா, நம்ம ரெண்டு பேரையும் ஆண்டவருக்கு ஒப்புக்குடுத்துட்டேன்"னு சொன்னேன். அவ அம்மைக்குச் சேலை மாத்திக்கிட்டு இருந்தா. "சரிண்ணே, அந்த வாளிய இங்கன நகத்துங்க"ன்னா. சரின்னு சொன்னால்லா? சரின்னா சம்மதம்தான? பொறவு எதுக்கு இந்த ஊரு என்னைய ஒரு மாதிரிப் பாக்குது?

அந்த வருசமே உபதேசியார் வேலை கெடச்சு மூணு பேரும் இங்க வந்துட்டோம். அம்மை இந்த வீட்டுல பதிமூணு வருசம் கெடந்து செத்தா. அம்மைய நான் எப்படிப் பாத்தேன்னு ஊருல கேட்டுப் பாருங்க. ஒருநா தவறாம அவ தலைமாட்டுல நின்னு ஜெபம் பண்ணியிருக்கேன். முதுகுல ஒரு புண்ணு வரல அம்மைக்கு. பதிமூணு வருசம் படுக்கையில கெடந்தும் ஒரு புண்ணு கூட வரலன்னா அது ஜெபத்தோட வல்லமை இல்லாம வேற என்ன? ராத்திரி பகலா பொரட்டிப் போட்டது பாக்கியசீலிதான், இல்லங்கல.

ஊழியம்னா லேசுப்பட்ட காரியம் இல்ல தம்பி. ஒரு பிரசங்கத்துக்கு நாலு நாளு தயாரிக்கணும். மத்தியானம் சாப்பிட்டுட்டு ரெண்டு மணி நேரம் கட்டில்ல கண்ண மூடித் தியானிப்பேன். அந்த நேரத்துல வீட்டுல பொட்டுச் சத்தம் கேக்கக் கூடாது. அவளுக்கு அது தெரியும். அம்மிய கொல்லைப்பக்கம் வேப்பமரத்தடிக்கு மாத்திக்கிட்டா. மழை பெஞ்சாலும் அங்கதான் அரைப்பா. நான் மாத்தச் சொல்லல, பாத்துக்கிடுங்க. அவளா மாத்துனா.

அவ என்ன செஞ்சா? சமைச்சா. துவைச்சா. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுத்தா. செத்த பொம்பளையளக் குளிப்பாட்டி சேலை உடுத்தி விடுவா, அதுக்கு யாரும் வர மாட்டாவ. பேறுகாலத்துக்குக் கூடப் போவா. இதெல்லாம் கைவேலை தம்பி. ஊழியம்னு சொல்ல முடியாது. ஊழியம்னா பீடத்துல நின்னு வசனத்தப் பேசணும்.

பிடியரிசி தெரியும்லா? எங்க சபைப் பொம்பளைய உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசிய கோயிலுக்குன்னு தனியா எடுத்து வைப்பாவ. மாசக் கடைசியில வீடு வீடாப் போயி அத வாங்கணும். உபதேசியாருக்குள்ள வேலைதான். எனக்கு முட்டிவலி, அவள அனுப்புவேன். ஓலைப்பெட்டிய இடுப்புல வச்சிக்கிட்டுப் போவா. கீழத்தெரு முடிக்கையில பெட்டி நெறைஞ்சிருக்கும், நான் கோயில் நடையில நின்னு பாத்திருக்கேன். மேலத்தெரு சுத்தி வீட்டுக்கு வரும்போது பாதிதான் இருக்கும். "ஏளா, அரிசி எங்க"ன்னா, "ஒரு வீட்டுல பானை கவுந்து கெடந்துச்சுண்ணே"ம்பா. எந்த வீடுன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டா. காணிக்கை வாங்கப் போயி காணிக்கையக் குடுத்துட்டு வாறவள நீங்க எங்கயாவது பாத்திருக்கீயளா? நான் சபைக் கமிட்டியில வச்சேன் இந்த விசயத்த. என் தங்கச்சின்னு பாக்காம கண்டிக்கணும்னு சொன்னேன். கமிட்டி மெம்பரு ஒருத்தன் தலையக் குனிஞ்சவன் நிமுரவே இல்ல. பொறவுதான் தெரிஞ்சுது, அவன் வீட்டுலதான் பானை கவுந்து கெடந்திருக்கு. இப்படித்தான் தம்பி அம்பத்தெட்டு சீட்டு வாங்குனா. கோயில் அரிசியக் குடுத்து.

கல்யாணமா? வந்துச்சு. மூணு எடம் வந்துச்சு. அவளுக்கு இருபத்து மூணு வயசுல நாசரேத்துப் பக்கம் ஒரு எலக்ட்ரீசியன். பொறவு ஒரு பள்ளிக்கூடத்து கிளார்க்கு. முப்பத்து நாலு வயசுல ஒரு மிலிட்டரிக்காரரு. நான் ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாரம் ஜெபிச்சேன். ஆண்டவரு வேண்டாம்னு சொல்லிட்டாரு. மூணு தடவையும் எங்கிட்டதான் சொன்னாரு. அவகிட்ட நான் போயிச் சொல்லுவேன். அவ கேட்டுட்டு பாத்திரம் வெளக்கப் போயிருவா. ஒரு தடவை, அந்த மிலிட்டரிக்காரரு சமயத்துல, வெளக்கின பாத்திரத்தையே திரும்பவும் எடுத்து வெளக்கிக்கிட்டு இருந்தா. சுத்தம் ஜாஸ்தி அவளுக்கு.

இப்ப வாறேன் விசயத்துக்கு. கோயில்ராஜ்னு ஒருத்தன். கேஸ் சிலிண்டரு போடுதவன். ஊரு ஆலடித்தட்டு, இங்கருந்து எட்டு கிலோமீட்டரு. நம்ம சபைதான், வேற சேகரம். பொண்டாட்டி செத்து ஆறு வருசம். ரெண்டு பொம்பளப் பிள்ளைகளையும் கட்டிக் குடுத்துட்டான். ஒம்பது வருசமா எங்க வீட்டுக்கு சிலிண்டரு கொண்டு வாறான். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வந்துட்டுப் போற ஆளு, என்ன பெரிசாப் பேசிற முடியும்னு நெனச்சேன். நான் தியானத்துல இருப்பேன். அடுப்புக்கிட்ட ரெண்டு பேரும் பேசுத சத்தம் கேக்கும். அவன் என்னமோ கேப்பான், அவ பதில் சொல்லுவா. அவளுக்கு அவ்வளவு பேச வருமான்னு எனக்கே அதிசயமா இருக்கும். ஒருநா சிரிச்சா. சத்தமாச் சிரிச்சா. தியானம் கெட்டுப் போச்சேன்னுதான் நெனச்சேனே தவிர, சந்தேகப்படல.

போன தை மாசம் எங்க ஐயரம்மாவக் கூட்டிக்கிட்டு, மூத்த மருமகனோட வந்து நிக்கான். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. "அண்ணாச்சி, பாக்கியசீலிய எனக்குக் கட்டித் தருவீயளா"ன்னு கேட்டான். நான் சிரிச்சிட்டேன். "கோயில்ராஜு, அவ ஆண்டவருக்குன்னு குடுத்த பிள்ளை. ஆண்டவரு பொருள எடுத்து உமக்குக் குடுக்க நான் யாரு"ன்னேன். நல்ல பதிலுதான?

அப்பம் பாத்து இவ அடுக்களையில இருந்து வாறா. கையெல்லாம் மாவு. "ஐயரம்மா, எனக்குச் சம்மதம்"னா. அண்ணே நீங்க என்ன சொல்லுதீயன்னு ஒரு வார்த்தை கேக்கல. என் மூஞ்சியக் கூடப் பாக்கல. "எல்லாரும் இருங்க, ஆப்பம் ஊத்துதேன்"னு உள்ள போயிட்டா. எனக்கு வந்த கோவத்துல பசியே போச்சு. அன்னைக்கு நான் நாலு ஆப்பம்தான் சாப்பிட்டேன்.

நம்ம சபையில கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கணும்லா? மூணு ஞாயிறு, சபையார் முன்னால. இன்னாரு மகனுக்கும் இன்னாரு மகளுக்கும் கல்யாணம், யாருக்காவது தடை இருந்தா சொல்லுங்கன்னு. வாசிக்கிறது யாரு? உபதேசியாருதான வாசிக்கணும். என் தங்கச்சி ஓலைய நானே வாசிக்கணும். இந்தச் சோதனை யாருக்காவது வந்திருக்கா?

மொத ஞாயிறு, அறிவிப்பெல்லாம் சொல்லிட்டு, மாதர் கூட்டத்துக்கும் கல்லறைத் தோட்டச் சுவரு வேலைக்கும் நடுவுல வச்சு வேகமா வாசிச்சேன். பின்னால இருந்து ஒரு பெரியவரு, "உபதேசியாரே, கேக்கல, இன்னொரு தரம் வாசியும்"னாரு. அவருக்குக் காது மந்தம், வேற எதுவும் கேக்காது, இது மட்டும் கேக்கணுமாம். திரும்ப வாசிச்சேன். பொம்பளைய பக்கத்துல ஒரே குசுகுசுப்பு. சந்தோசக் குசுகுசுப்பு. ரெண்டாவது ஞாயிறும் வாசிச்சேன். வாசிக்க வாசிக்க எனக்குள்ள ஒண்ணு சொல்லிக்கிட்டே இருந்துச்சு, ஆண்டவருக்குக் குடுத்தத நீ கண்ணு முன்னால கை விடுதியேன்னு. அன்னைக்குச் சாயங்காலம் பெட்டியத் தொறந்து அந்த மஞ்ச அட்டைய எடுத்தேன். பத்திரமா இருந்துச்சு.

மூணாவது ஞாயிறு திருவிருந்து ஞாயிறு. ஐயரு வந்திருந்தாரு. எட்வின்னு சின்ன வயசு ஐயரு. கோயிலு நெறைஞ்சு கெடந்துச்சு. நான் ஓலைய வாசிச்சேன். தடை இருந்தா சொல்லுங்கங்குற எடத்துக்கு வந்தேன். ஓலைய மடிச்சு வச்சேன். பொறவு சொன்னேன், "தடை இருக்கு. தடை சொல்லுதவன் நான்தான்"னு.

நான் அட்டைய எடுத்து ஐயரு கையில குடுத்தேன். இவ பத்தொம்பது வயசுல வாழ்க்கை முழுசையும் ஆண்டவருக்கு ஒப்புக்குடுத்தவ, அதுக்கு இதுதான் அத்தாட்சி, ஆண்டவருக்குப் பண்ணின பொருத்தனைய மீறி இந்தச் சபையில கல்யாணம் நடக்கக் கூடாதுன்னு சொன்னேன். என் குரலு கணீர்னு இருந்துச்சு. இத்தனை வருசப் பிரசங்கத்துல அப்படி ஒரு குரலு வந்ததில்ல.

ஐயரு அட்டைய இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பாத்தாரு. "ரெண்டு பேரும் ஒரே ஆளு கையெழுத்துல இருக்கே உபதேசியாரே"ன்னாரு. "நான்தான் எழுதுனேன்"னேன். "அவுங்க கையெழுத்து எங்க"ன்னாரு. "வீட்டுக்குப் பெரியவன் போட்டாப் போதும்லா ஐயரே"ன்னேன். அவரு பொம்பளைய பக்கம் திரும்பி, "அம்மா, நீங்க இந்த அட்டையப் பாத்திருக்கீங்களா"ன்னு கேட்டாரு.

அவ எழும்பி நின்னா. சேலை முந்தானைய இழுத்துப் போர்த்திக்கிட்டா. "இல்ல ஐயரே. இன்னைக்குத்தான் பாக்கேன். நான் அந்தக் கூட்டத்துக்குப் போகல. அம்மைய விட்டுட்டு எப்படிப் போக?"ன்னா. அதோட உக்காந்திருக்கலாம்லா? உக்காரல. "நான் செஞ்சதெல்லாம் ஆண்டவருக்குன்னு மனசாரத்தான் செஞ்சேன். எங்க அண்ணன் பேரு எழுதுனதுக்காகச் செய்யல. இனியும் செய்வேன். ஆலடித்தட்டுல இருந்து செய்வேன்"னா. அழக் கூட இல்ல தம்பி. அழுதிருந்தா நான் விட்டுக் குடுத்திருப்பேன்.

பொம்பளைய பக்கத்துல இருந்து யாரோ, "ஐயரே, அவ எங்க வீட்டுப் பொணத்தையெல்லாம் குளிப்பாட்டியாச்சு, அவ கல்யாணத்த நாங்க ஒருக்கா பாத்துக்கிடுதோம்"னு சொன்னா. உபதேசியார் நிக்கும்போது பொம்பளைய கோயில்ல சத்தமாப் பேசுத வழக்கம் இங்க கெடையாது. அன்னைக்கு நாலஞ்சு பேரு பேசுனாவ. ஐயரு அட்டைய என் கையில திருப்பிக் குடுத்து, "இது தடையில்ல உபதேசியாரே, உக்காருங்க"ன்னாரு. என்னைய. என் கோயில்ல. என் சபைக்கு முன்னால உக்காருங்கன்னு சொன்னாரு.

கல்யாணத்துக்கு நான் போகல. குளிர்காய்ச்சல். நெசமாவே குளிர்காய்ச்சல். இந்தக் கட்டில்லதான் படுத்திருந்தேன். கோயிலு ஜன்னலு அங்கதான இருக்கு, பாட்டெல்லாம் கேட்டுச்சு. அன்னைக்கு மணிய வேற எவனோ அடிச்சான், தாளமே இல்லாம. காலையில போகும்போது அவ கட்டில் பக்கத்துல வந்து நின்னு, "அண்ணே, கஞ்சி வச்சிருக்கேன், ஊறுகாய் மேல்தட்டுல இருக்கு, போயிட்டு வாறேன்"னா. நான் சுவரப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டேன். பொறவு போயிட்டா.

ரெண்டு வாரம் ஊருக்காரங்க தூக்குவாளியில சோறு குடுத்து விட்டாவ. பொறவு ஒரு வீடு விட்டு ஒரு வீடு மறந்து போச்சு. டீக்கடையில பரோட்டா திங்கேன். வயிறு ஒத்துக்கிடல. ஜிப்பாவப் பாருங்க, நானே துவைச்சது, வெள்ளையா இது? பிரசங்கம் தயாரிக்க நேரமே இல்ல. அரிசி களையணும், தண்ணி புடிக்கணும், பாத்திரம் வெளக்கணும், பகலு முடிஞ்சு போவுது. ஒரு மனுசன் இதெல்லாம் பாத்துக்கிட்டு ஊழியமும் எப்படிப் பாக்க முடியும்? முழுநேர ஊழியத்த விட்டு எனக்கு ஓய்வு தாங்கன்னு போன வாரம் திருமண்டலத்துக்கு எழுதிப் போட்டுட்டேன். ஆமா தம்பி. முப்பத்தோரு வருசம் சோந்து போகாதவன் ஏழு வாரத்துல சோந்துட்டேன். எல்லாம் அவளாலதான்.

முன்னல்லாம் சாயங்கால ஜெபத்துக்கு இருபது பேரு வருவாவ. இப்ப அஞ்சு பேரு. அதுல ரெண்டு பேரு தூங்குதாவ. போன சனிக்கெழம இந்த ஊருல இருந்து பதினோரு பேரு ஆட்டோ புடிச்சு ஆலடித்தட்டுக்குப் போயிருக்காவ. அவ வீட்டு முத்தத்துல ஜெபமாம். பிள்ளைக்குச் சொகமில்லன்னா அவகிட்ட தூக்கிட்டுப் போறாவ. அந்தக் கோயில்ராஜு பாயி விரிச்சுப் போடுதானாம், எல்லாருக்கும் டீ போட்டுக் குடுக்கானாம். ஆம்பள. எனக்கு வயிறு எரியுது தம்பி. ஒளிச்சு மறைச்சு என்ன ஆவப் போவுது, எரியத்தான் செய்யுது.

ஒண்ணு சொல்லுதேன், இத எழுதிறாதீய. விடியக்காலம் அஞ்சு மணி ஜெபத்துக்கு ஊருல யாரும் வர மாட்டாவ. இத்தனை வருசமும் ரெண்டே பேருதான். நான் பீடத்துல நிப்பேன், அவ தூணுகிட்ட முழங்கால் போட்டிருப்பா. நான் ஒரு வரி வாசிப்பேன், சபையாரு சொல்ல வேண்டிய வரிய அவ சொல்லுவா. ஒத்தக் குரலு. இப்ப நான் ஒரு வரி வாசிச்சிட்டு நிக்கேன். நின்னுக்கிட்டே இருக்கேன். பொறவு அவ வரியையும் நானே சொல்லுதேன். நேத்து பாதியில நிறுத்திட்டு வந்துட்டேன். ஆண்டவரு மன்னிக்கட்டும்.

என்ன சொல்லுதீய? சத்தமாச் சொல்லுங்க. நீங்க சொன்னத வச்சுப் பாத்தாலும் முப்பத்தோரு வருசம் அவுங்க ஆண்டவருக்குக் குடுத்திருக்காங்கன்னா? அட்டையில பேரே இருக்கேன்னா? அதத்தான் எழுதப் போறீயளா?

தம்பி, நீங்க படிச்சவரு. யோசிச்சுப் பேசுங்க. அவ எங்க குடுத்தா? குடுத்தது நான். அவ அந்தக் கூட்டத்துக்கே வரல, அவ வாயால சபை முன்னால சொன்னால்லா? அட்டையில அவ கையெழுத்து உண்டா? கெடையாது. பேர எழுதுனது நான். அவளுக்கு வெவரமே தெரியாது அன்னைக்கு. ஒப்புக்குடுக்காத ஒருத்திய ஒப்புக்குடுத்தவன்னு மலருல போட்டா அது பொய்யில்லையா? கோயில்ராஜுக்கு ஒரு நியாயம், உங்க மலருக்கு ஒரு நியாயமா? அவ சும்மா எங்கூட இருந்தா தம்பி. அவ்வளவுதான். அண்ணன்கூட தங்கச்சி இருந்தா.

ஏன் அப்படிப் பாக்கீய? நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?

சரி. பேனாவ எடுத்துட்டீய. எழுதுங்க. உங்க இஷ்டம்.

ஆலடித்தட்டுக்கு எப்படிப் போறதுன்னா? பன்னெண்டே காலுக்கு ஒரு பஸ்சு உண்டு. கோயிலு முக்குலயே நிக்கும். இருங்க, குடைய எடுத்துட்டு வாறேன். நானும் வாறேன், உங்களுக்கு வழி தெரியாதுல்லா. கல்யாணத்துக்குப் பொறவு நான் அந்தப் பக்கம் போகல. அதனால வீட்டுக்குள்ள வர மாட்டேன், பஸ் ஸ்டாப்புலயே நிக்கேன். நீங்க பேசி முடிச்சு, அவ சாப்பிடச் சொல்லுவா, சொல்லாம விட மாட்டா, அப்ப ஒரு வார்த்தை சொல்லுங்க, உங்க அண்ணன் வெளிய வெயில்ல நிக்காருன்னு. நான் சொல்லச் சொன்னேன்னு சொல்லாண்டாம். நீங்களாச் சொல்லுத மாதிரிச் சொல்லுங்க. ஒரு மணிக்கு மேல எனக்குப் பசி தாங்காதுன்னு அவளுக்குத் தெரியும். தானா வெளிய வந்து கூப்பிடுவா.

கூப்பிடாம இருப்பாளா? நீங்க சொல்லுங்க தம்பி. வருவாளா?